ஃப்ரீசரில் துளை போட வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் யாராவது பழைய டீப் ஃப்ரீசர் ஒன்றை நொதிக்க வைக்கும் பெட்டியாக மாற்ற நினைத்தால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒரு நல்ல ஃப்ரீசரையும் 20 லிட்டர் பீரையும் இழந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதுவும் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

மேல்மூடி திறக்கும் ஃப்ரீசர் அது. பழையதுதான், ஆனால் நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தது. நான் தயாரிக்கும் ஏல் என்ற பீர் வகைக்கான ஈஸ்ட்டுக்குச் சுமார் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஃப்ரீசரோ உறைநிலைக்குக் கீழே போகும். அதனால் இடையில் ஒரு கன்ட்ரோலர் தேவை. சூடு கூடினால் ஃப்ரீசருக்கு மின்சாரம் கொடுக்கும், போதுமான அளவு குளிர்ந்ததும் நிறுத்திவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. வயரிங் பற்றி எனக்குப் பயம் இருந்ததால் ஒருவரை வரவழைத்தேன்.

வந்தவர் ஃப்ரீசரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் வயர் உள்ளே போக வேண்டும் என்று சொல்லி, நேராகப் பக்கச் சுவரில் டிரில்லை வைத்தார். "உள்ளே பைப் எதுவும் இருக்காதா?" என்று கேட்டேன். "வெறும் ஃபோம்தான் சார், நான் எத்தனை பெட்டி பார்த்திருக்கேன்" என்றார். டிரில் உள்ளே இறங்கியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், ஏழெட்டு விநாடி இருக்கும். ஃபோமுக்குள் அடைபட்டிருந்த காற்று என்றார். டிரில் முனையை அவர் துணியில் துடைத்தபோது அதில் எண்ணெய் மினுமினுத்ததை நான் பார்த்தேன். ஃபோமில் எண்ணெய் ஏது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பைப்பில் ஓடும் குளிரூட்டும் கேஸோடு சேர்ந்து வெளியே வரும் கம்ப்ரசர் ஆயில் அது.

அன்று இரவே கம்ப்ரசர் நிற்காமல் ஓடியது, குளிர்ச்சி மட்டும் இல்லை. மறுநாள் வந்து, "பழைய பெட்டி, கேஸ் இறங்கிடுச்சு" என்று என் தலையில் கட்டினார். துளையில் பசையை அப்பி, கேஸ் நிரப்பி, அதற்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார். குளிர் நேரத்தில் சூடு கொடுக்க என்று ஒரு குண்டு பல்பையும் உள்ளே மாட்டிவிட்டுப் போனார். சென்சாரை வெறும் காற்றில் தொங்கவிட்டிருந்தார்.

மூன்று வாரம் ஓடியது. அடுத்த பீரை வைத்த மூன்றாம் நாள், ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்கிற நேரம், கன்ட்ரோலரில் 27 என்று காட்டியது. மூடியைத் திறந்ததும் வார்னிஷ் மாதிரி ஒரு நெடி. நொதிக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை வெளியிடும். சுற்றியுள்ள காற்றைவிடப் பீர் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். பெட்டிக்குள் காற்றே 27 என்றால், பீர் 30-ஐத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கிவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. 20 லிட்டரையும் ஊற்றிவிட்டேன்.

இரண்டாவதாக வந்தவர் பெரியவர். எதையும் தொடுவதற்கு முன் கம்ப்ரசர் பக்கத்தில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "இதுல என்ன கேஸ்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். ஆர்600ஏ என்று இருந்தது. அதாவது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடிய வாயு. மூடிய பெட்டி, கசிகிற பைப், அதே பெட்டிக்குள் எரிகிற பல்ப். அவர் முதலில் செய்தது ஜன்னலைத் திறந்ததுதான். அதை நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது.

அப்புறம் அவர் விளக்கினார். இந்த மாதிரி ஃப்ரீசர்களில் வெப்பத்தை வெளியேற்றும் பைப் பெரும்பாலும் வெளிச்சுவரின் தகட்டை ஒட்டியே ஓடும். ஓடும்போது பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். குளிரூட்டும் பைப் உள்சுவருக்குப் பின்னால் இருக்கும். ஆக இரண்டு பக்கமும் பைப், நடுவில்தான் ஃபோம். ஃபோமுக்குள் புதைந்த பைப்பில் ஓட்டை விழுந்தால் வெல்டிங் வைத்து அடைப்பது அநேகமாக நடக்காது. பசை நிலைக்காது. முறையாகச் செய்வதென்றால் கசிவை அடைத்து, ஃபில்டரை மாற்றி, பைப்புக்குள் இருக்கும் காற்றை வேக்யூம் போட்டு உறிஞ்சி எடுத்து, எடை பார்த்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். முதல் ஆள் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. போன் செய்தால், வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

எனக்கு ஆற்றாமையே இதில்தான்: அந்தத் துளையே தேவையில்லை. சென்சார் வயர் மெல்லியது, மூடியின் ரப்பருக்கு அடியில் அப்படியே போய்விடும். ஃப்ரீசரின் வயரிங்கையும் தொட வேண்டாம். பிளக் செருகும் வகைக் கன்ட்ரோலர் போதும். கட்டாயம் துளை வேண்டுமென்றால் சுவருக்கும் மூடிக்கும் நடுவில் மரச்சட்டம் ஒன்று வைத்து, அதில் போட்டுக்கொள்ளலாம். துளை போட வருகிறவரிடம், "பைப் எந்த வழியாகப் போகிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தெரியாவிட்டால் டிரில்லை எடுக்க விடாதீர்கள்.

இப்போது வேறொரு ஃப்ரீசர் வைத்திருக்கிறேன். சென்சாரைப் பீர் வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்துக் கட்டியிருக்கிறேன். கம்ப்ரசர் நின்றால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஓடும்படி கன்ட்ரோலரில் வைத்தாயிற்று. பல்ப் கிடையாது, வாளியைச் சுற்றி ஹீட்டிங் பெல்ட் மட்டும்தான். நேற்று வைத்த பீர் 19-இல் நிற்கிறது. சுவரில் ஒரு துளைகூட இல்லை.