போவிடா 62: ஜாடிக்குள் போடும் முன் ரகத்தைப் பாருங்கள்

கனடாவில் 2018 முதல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வரை வளர்க்கலாம். அறுவடையைப் பதப்படுத்த அங்கே பலரும் வாங்குவது போவிடா ஈரப்பதப் பொட்டலம். ஆவி மட்டும் புகும் சவ்வுக்குள் உப்புக் கரைசல். ஜாடிக் காற்று வறண்டால் ஈரம் விடும், மிஞ்சினால் உறிஞ்சும். கஞ்சாவுக்கு 58, 62 சதவீத ஈரப்பதம் என இரண்டு அளவு. 28 கிராம் பூவுக்கு 8 கிராம் பொட்டலம், 450 கிராமுக்கு 67 கிராம்.

சேமிப்புக்கு நல்ல பொருள்தான். உலர்த்தும் வேலையை அதன் தலையில் கட்டினால் பூ பாழ்.

ஆப்கன், குஷ் வழி ரகங்களில் பூ இறுகித் திரண்டிருக்கும். வெளிப்புறம் மொறுமொறுவென்று இருக்கும்போதே நடுவில் ஈரம் தங்கியிருக்கும். மூடிய ஜாடியில் ஒரு நாள் போனதும் ஈரமானி 68, 70 காட்டும். அப்போது பொட்டலத்தைப் போட்டால் அது உப்பிப்போகும், நடு ஈரம் அப்படியே கிடக்கும். அம்மோனியா நெடி, பிறகு சாம்பல் பூஞ்சை. பெரிய கொத்துகளைப் பிரித்து, 16 முதல் 18 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் 10–14 நாள் தொங்கவிடுங்கள். ஜாடியை முக்கால்வாசி மட்டும் நிரப்பி, முதல் வாரம் தினம் இருமுறை திறந்து காற்று காட்டுங்கள். 24 மணி நேரம் மூடியும் 62-ஐத் தாண்டாவிட்டால்தான் பொட்டலம். இந்த ரகங்களுக்கு 58 போதும்.

ஹேஸ், தாய்லாந்து வழி ரகங்களில் சிக்கல் நேர்மாறு. பூ தளர்வானது, அதே அறையில் ஒரு வாரத்துக்குள் சருகாகிவிடும். இலையைக் கழிக்காமல் முழுச் செடியாகத் தொங்கவிட்டால் வேகம் குறையும். 62 இவற்றுக்குத்தான் பொருந்தும். ஆனால் டெர்பினோலீன், மிர்சீன் போன்ற லேசான மணப்பொருள்கள் பறந்த பிறகு பொட்டலம் போட்டால் பூ மென்மையாகும், வாசனை திரும்பாது. கேரியோஃபிலீன் கனமானது, ஓரளவு தங்கும்.

விதையிலிருந்து வளர்த்தால் ஒரே பாக்கெட்டுச் செடிகளே வேறு வேறு வேகத்தில் காயும். செடிக்கொரு ஜாடி வையுங்கள். ஒரே தாயின் பதியன்களில் இந்தத் தொல்லை குறைவு.

பெரிய குறை, பூவின் நிலையைப் பொட்டலம் சொல்லாது. ஈரமானி தனியே வேண்டும். ஈரமாக்கிய சமையல் உப்போடு மூடி வைத்தால் அது 75 காட்ட வேண்டும். காட்டாத வித்தியாசத்தைக் கணக்கில் சேருங்கள். பொட்டலம் விறைத்துவிட்டால் மாற்றுங்கள், தண்ணீரில் ஊறவைத்து மீட்கப் பார்க்காதீர்கள்.