சர்வீஸ் கடைக்காரரின் மெயில் ஐடியில் ஓடுகிறதா உங்கள் லேப்டாப்?

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் 2025 அக்டோபருக்குப் பிறகு கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டு வாங்கியவர்கள் முதலில் ஒரு காரியம் பாருங்கள். செட்டிங்ஸ் திறந்து, அக்கவுண்ட்ஸுக்குள் போய், ‘யுவர் இன்ஃபோ’ பக்கத்தில் யாருடைய மெயில் ஐடி இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது என்றால் சரி. கடையின் பெயரோ, கேள்விப்படாத ஏதோ ஒரு அவுட்லுக் ஐடியோ இருந்தால் கொஞ்சம் நேரம் ஒதுக்கி மீதியையும் வாசியுங்கள். அந்த லேப்டாப்பின் பூட்டைத் திறக்கும் எண் உங்களிடம் இல்லை, அந்த ஐடிக்காரரிடம் இருக்கிறது. உங்கள் பேப்பர்களும் அங்கே போய்க்கொண்டிருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

லேப்டாப் என் மைனியுடையது. அண்ணன் குவைத்தில் இருக்கிறார். ஊரடங்கு காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக 2020இல் வாங்கியது. பத்தாம் தலைமுறை ஐ3. அந்த மகள் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறாள். அண்ணனின் பாஸ்போர்ட், விசா நகல், வேலை ஒப்பந்தம், வீட்டு லோன் பேப்பர், பட்டா, பிள்ளையின் சர்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் செய்து டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். கல்ஃப்காரர் வீடுகளில் லேப்டாப் என்பது இரண்டாவது பீரோ மாதிரிதான்.

மார்த்தாண்டத்தில் ஒரு சர்வீஸ் கடையில் சார்ஜர் வாங்கப் போன இடத்தில் மைனியைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். “விண்டோஸ் பத்து அக்டோபர் பதினாலோட தீந்துபோச்சு அக்கா. இனி நெட் போட்டா ஹேக் ஆயிரும். பதினொண்ணு ஒரிஜினல் போட்டுருவோம்.” ஒரிஜினல் விண்டோஸுக்கு 2,000, சர்வீஸ் சார்ஜ் 800. பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்கள்.

இதில் பொய் எது, உண்மை எது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இந்த வியாபாரம் இன்னும் நடக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும் நிற்கும். அதையும் வீட்டு உபயோகக்காரர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் வசதியை மைக்ரோசாப்ட் கொடுத்தது. சொந்த மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் அதற்குக் காசு இல்லை. அடுத்தது, விண்டோஸ் 11. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம் இருந்தால், ஒரிஜினல் விண்டோஸ் 10 ஓடுகிற லேப்டாப்புக்கு 11 இலவசம். அப்டேட் பக்கத்திலேயே வரும். லைசென்ஸ் வாங்கும்போதே மதர்போர்டோடு வந்துவிட்டது. மைனியின் லேப்டாப்புக்கு இத்தனையும் இருந்தது. ஆக அந்த 2,000 ரூபாய் எதற்கு என்று கேட்டால், மைனியிடம் ஏற்கெனவே இருந்த ஒன்றை மைனிக்கே விற்றதற்கு.

இதோடு போயிருந்தால் ரெண்டாயிரம் போச்சு என்று விட்டிருப்போம்.

இருந்ததை அப்டேட் செய்யாமல், ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் 11 நிறுவியிருக்கிறார்கள். ஹோம் பதிப்பை நிறுவும்போது இணையமும் ஒரு மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கும். மைனியைக் கூப்பிட்டு அவருடைய ஐடியைப் போடச் சொல்லவில்லை. கடைக்கென்று ஒரு அவுட்லுக் ஐடி வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டு முடித்து, நாலு இலக்க பின் ஒன்றை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த பின் அடித்தால் திறக்கிறது, அவ்வளவுதான் வீட்டில் தெரியும்.

கொஞ்ச நாளில் அண்ணன் மகள் ஒரு நாள் போனில், “சித்தப்பா, எங்க டாக்குமென்ட்ஸ்ல வேற யாருக்கோ ரேஷன் கார்டு கெடக்கு” என்றாள். போய்ப் பார்த்தால் ரேஷன் கார்டு மட்டுமா? குளச்சல் பக்கத்து விலாசம் போட்ட ஒரு ஆதார், ஒரு மீனவர் நலவாரிய விண்ணப்பம், கல்யாணக் கார்டு ஒன்றின் டிசைன், யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள். கடையிலிருந்து தவறுதலாகக் காப்பி ஆகியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அடுத்த வாரம் பார்த்தபோது புதிதாக இன்னும் சில வந்திருந்தன. மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ் நிரம்பிவிட்டது என்று மூலையில் ஓயாமல் ஒரு எச்சரிக்கையும்.

அதற்கு விளக்கம் கிடைக்கும் முன் லேப்டாப்பே பூட்டிக்கொண்டது. ஒரு காலையில் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை. ரெக்கவரி கீயைக் கொடு என்று 48 இலக்கம் கேட்கிறது. அந்த நாலு இலக்க பின் எடுபடவில்லை. அன்றைக்கு மகளுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கவேண்டிய நாள்.

மைனி கடைக்குப் போன் அடித்திருக்கிறார். வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன். “ஹார்ட் டிஸ்க் லாக் ஆயிப்போச்சு அக்கா. பார்மேட் அடிச்சா ஆயிரத்து ஐந்நூறு. உள்ள இருக்க ஃபைல் வேணும்னா டேட்டா ரெக்கவரிக்கு திருவனந்தபுரம் அனுப்பணும், ஆறாயிரம் ஆவும்.”

என் நண்பன் ஒருவன் தினமும் ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி வளாகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன். அந்த நீலத் திரையைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவன் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: கீழே ஒரு மெயில் ஐடியின் நுனி தெரிகிறதே, அது யாருடையது? எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை. முதல் எழுத்துகள் அந்தக் கடையின் பெயரோடு பொருந்தின.

அவன் சொன்னதன் சாரம் இது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். டிஸ்க் முழுக்க குறியாக்கம் ஆகும். நல்ல விஷயம்தான், பஸ்ஸில் லேப்டாப் தொலைந்துபோனால் எடுத்தவனால் டிஸ்க்கைக் கழற்றியும் எதையும் படிக்க முடியாது. அவசரத்துக்குத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ, முதலில் நுழைந்த கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட், மதர்போர்டு மாற்றம், செக்யூர் பூட் என்கிற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பில் மாற்றம் என்று ஏதாவது நடந்தால் லேப்டாப் சந்தேகப்பட்டு அந்த எண்ணைக் கேட்கும். 2025 அக்டோபர் 14 அன்று வெளிவந்த அப்டேட்டுக்குப் பிறகும் சில இன்டெல் கம்ப்யூட்டர்கள் இப்படிக் கேட்டன, மைக்ரோசாப்டே அதை ஒத்துக்கொண்டது. எண் இல்லை என்றால் திருவனந்தபுரம் இல்லை, அமெரிக்காவுக்கே அனுப்பினாலும் ஃபைல் கிடைக்காது. தொலைந்த கீயை எங்களாலும் உருவாக்கித் தர முடியாது என்று மைக்ரோசாப்ட் எழுதியே வைத்திருக்கிறது.

அதாவது எங்களுக்குத் தேவைப்பட்ட எண் அந்தக் கடைக்காரரின் கணக்கில் இருந்தது. ஆறாயிரம் கேட்டது அதற்குத்தான்.

ஊரார் பேப்பர்கள் எங்கள் ஃபோல்டருக்கு வந்த காரணமும் இதுவே. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து நிறுவும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவில் பேக்கப் ஆகும்படி பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடுகிறது. கடை ஒரே ஐடியைப் பல பேருக்குப் போட்டால் அத்தனை பேருக்கும் ஒரே ஒன்டிரைவ், அதே 5 ஜிபி இலவச இடம். குளச்சல்காரரின் ஆதார் எங்களுக்கு வந்தது என்றால் அண்ணனின் பாஸ்போர்ட் எங்கெங்கே போயிருக்கும்?

கடைக்கு நேரில் போனேன். திரையில் உள்ள கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்றார் கடைக்காரர். மெயில் ஐடி தெரியும் போட்டோவைக் காட்டியதும் பேச்சு மாறியது. “அது எல்லாருக்கும் பொதுவா போடுக ஐடி அண்ணே. மெயில் ஐடி இல்லாம பதினொண்ணு உள்ளயே விடாது. வாறவங்களுக்கு பாஸ்வேர்டு ஓர்மையும் இருக்காது. நாங்க என்ன செய்ய?”

இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஐடி கேட்பது உண்மை, வருகிறவர்களில் பலருக்குத் தங்கள் பாஸ்வேர்டு தெரியாது என்பதும் உண்மை. ஆனால் அந்த இடத்தில் கஸ்டமரைப் பக்கத்தில் உட்காரவைத்து புதுசாக ஒரு ஐடி போட்டுக் கொடுக்க பத்து நிமிஷம் ஆகுமா? அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பின்னாடி அதையே ஆறாயிரத்துக்கு விற்கப் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் கணக்கைத் திறந்தார். ரெக்கவரி கீ பக்கத்தில் வரிசையாக டெஸ்க்டாப், லேப்டாப் என்று தொடங்கும் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக கீ ஐடி, பக்கத்தில் 48 இலக்கம். திரையை உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியும் இந்த மாவட்டத்தில் ஏதோ ஒரு வீட்டு லேப்டாப். எங்கள் எட்டு எழுத்து பொருந்திய வரியைக் கண்டுபிடித்து எண்ணை எழுதிக்கொண்டேன். அதற்கும் ‘டீ செலவுக்கு’ ஐந்நூறு கேட்டார். கொடுக்கவில்லை. வீட்டில் வந்து அடித்ததும் திறந்தது.

திறந்ததும் செய்தவற்றைச் சொல்கிறேன், வரிசை முக்கியம். முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லா ஃபைலையும் காப்பி எடுத்தோம். ஒன்டிரைவில் மேகப் படம் போட்டுக் காட்டும் ஃபைல்கள் உண்மையில் லேப்டாப்பில் இருக்காது. அவற்றை முதலில் இறக்கிக்கொள்ளாமல் கணக்கைத் துண்டித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பிறகு ஒன்டிரைவைத் துண்டித்து, மெயில் ஐடி தேவைப்படாத லோக்கல் அக்கவுண்டுக்கு மாறி, டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்தோம். முழுக்க அவிழ நேரம் பிடிக்கும், அதுவரை சார்ஜரில் போட்டு வையுங்கள். அவிழ்ந்தபின் மைனியின் சொந்த ஐடியில் நுழைந்து என்கிரிப்ஷனை மறுபடி போட்டோம். கணக்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தினால் கடைக்காரரிடம் உள்ள பழைய எண் அப்படியே வேலை செய்யும். அணைத்துத் திரும்பப் போட்டால்தான் புது எண் உருவாகும். அந்தப் புது எண்ணைத் தாளில் எழுதி ஆதார் இருக்கும் கவரில் வைத்தாயிற்று. வாட்ஸ்அப்பில் போட்டு வைக்கவேண்டாம்.

எட்ஜ் பிரவுசரும் விண்டோஸ் கணக்கிலேயே நுழைந்துகொள்ளும் என்பதால், மைனி அதில் சேவ் செய்திருந்த நெட் பேங்கிங், மின்வாரியம் உட்பட எல்லாப் பாஸ்வேர்டையும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினோம். கடைக்காரரின் ஒன்டிரைவில் உள்ள எங்கள் ஃபைல்களை என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும். இதே கதை செகண்ட் ஹேண்ட் போனிலும் உண்டு. கடைக்காரரின் கூகுள் ஐடியிலேயே ஓடும் போன்களை, முக்கியமாக வயசானவர்கள் கையில், நிறையப் பார்க்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதோடு இது அந்த ஒரு கடையின் பழக்கம் மட்டும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி செய்த வேலைக்கு பில் தராமலிருப்பதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட விவரம் இன்னொருவரிடம் போவதும் நியாயமற்ற வணிகப் பழக்கத்தில் வருகின்றன. 1915இல் கூப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்திருக்கிறோம். தீராவிட்டால் நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம், சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அந்த எஸ்டிமேட் சீட்டு, நீலத் திரைப் படம், போனில் பேசிய தேதி எல்லாம் மைனி ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறார்.

குளச்சல்காரரின் விண்ணப்பத்தில் போன் நம்பர் இருந்ததால் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் நான்தான் மோசடிக்காரன் என்று நினைத்து வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டார். அவருடைய லேப்டாப்பில் எங்கள் பட்டா இருக்கிறதாம்.

2,000 ரூபாயைத் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று கடையிலிருந்து ஆள் விட்டிருக்கிறார்கள். மைனி சரி என்றுதான் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: அந்தப் பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொல்லி, அவரவர் எண்ணை அவரவரிடம் கொடுத்து, அவரவர் ஐடிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.