சேலத்துக்காரருக்கு எந்த மெட்ரோ: சென்ட்ரலா, எழும்பூரா?

சென்னைக்கு டிக்கெட் போடும்போது வண்டி நேரத்தைப் பார்க்கிறோம், எங்கே இறங்குகிறோம் என்பதை விட்டுவிடுகிறோம். சேலம் ஜங்ஷனிலிருந்து ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாகப் போகும் சேரன், நீலகிரி, கோவை, ஏற்காடு எக்ஸ்பிரஸ்கள் சென்ட்ரல் சேரும். டவுன் ஸ்டேஷன், ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போகும் இரவு வண்டி எழும்பூருக்கு. டிக்கெட்டில் எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், எம்.எஸ். என்றால் எழும்பூர்.

இந்தப் பிரிவுக்குத் தண்டவாள அகலம்தான் காரணம். 1873-இல் எழுந்த சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை நிலையம். 1908 ஜூன் 11-இல் திறந்த எழும்பூர், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) நிலையம். விருத்தாசலம் பாதையும் மீட்டர்கேஜாக இருந்ததுதான். அகலப்பாதையாக மாற்றிய பிறகும் அந்த வண்டி பழைய வாசலுக்கே போகிறது.

இரண்டுக்கும் மெட்ரோ வந்தது ஒரே நாளில், 2018 மே 25-இல், பச்சைத் தடத்தில். 2019 பிப்ரவரி 10-இல் நீலத் தடமும் சென்ட்ரலுக்கு வந்ததும் கணக்கு மாறிவிட்டது. எழும்பூரில் இன்றும் பச்சை மட்டுமே. சென்ட்ரலில் இரு தடங்களின் நடைமேடைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. அவசரத்தில் எஸ்கலேட்டர் போகிற போக்கில் இறங்கிவிட்டுத் தவறான தளத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். சோதனை முடிந்து உள்ளே போனதும் பலகையின் நிறத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விமான நிலையம், கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை, உயர்நீதிமன்றம் போகிறவர்களுக்குச் சென்ட்ரல்தான், சந்தேகமே வேண்டாம். நீலத் தடத்தில் உயர்நீதிமன்றம் அடுத்த நிலையம். எதிர்த்திசையில் விமான நிலையம் 13-ஆவது நிறுத்தம், மாறவே வேண்டாம். எழும்பூரில் இறங்கிவிட்டால்? பலர் பச்சையிலேயே ஆலந்தூர் வரை போய் மாறுகிறார்கள், மொத்தம் 17 நிறுத்தம். ஒரே ஒரு நிறுத்தம் பின்னோக்கிச் சென்ட்ரலுக்குப் போய் நீலத்துக்கு மாறினால் 14-தான். இரண்டிலும் ஒரு மாற்றம்தான், ஆகவே பின்னால் போவதே லாபம்.

அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி என்றால் இரண்டிலிருந்தும் பச்சைத் தடம் நேரே போகும். எழும்பூரில் ஏறினால் ஒரு நிறுத்தம் மிச்சம், தடம் ஒன்றே என்பதால் குழப்பமும் இல்லை. பெரியவர்களையும் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு போகும்போது இது பெரிய உதவி. கோயம்பேடு வேறு, புறநகர்ப் பேருந்து நிலையம் வேறு. பேருந்து நிலையத்துக்குப் போகிறவர்கள் கோயம்பேட்டைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்.

மாம்பலம், தாம்பரம் போகிறவர்களுக்கு எழும்பூர் வண்டியே மேல். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் அதே நிலையத்தில் நிற்கிறது. தாம்பரமே போக வேண்டுமானால், அந்த எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கும்போதே இறங்கிவிடலாம். சென்ட்ரலில் இறங்கினால் சாலைக்கு அடுத்த பக்கம் பார்க் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் அந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் வண்டியை ஆஸ்பத்திரியை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். பெரியாஸ்பத்திரி (ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை) சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது, மெட்ரோவே வேண்டாம். குழந்தைகள் ஆஸ்பத்திரியும் கண் ஆஸ்பத்திரியும் எழும்பூரில்.

மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் போன்ற இரவு வண்டிகள் அதற்கு முன்பே சேர்ந்துவிடக்கூடும். காத்திருப்பு அறையில் உட்கார நேரம் ஒதுக்குங்கள். எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடக்கும் காலத்தில் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். பயணத்துக்கு முந்தின நாள் ரயில்வே விசாரணை எண் 139-இல் கேட்டுவிட்டு ஏறுங்கள்.