லினக்ஸ் மின்ட் 22 சின்னமன்: விண்டோஸ் 10 ஓடிய கணினிக்குச் சரிப்பட்டு வருமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் கணினி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இவை இல்லாவிட்டாலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஏராளம். அப்படி ஒன்று உங்களிடம் இருந்து, வேலை பெரும்பாலும் பிரவுசர், கடிதம், கணக்குத் தாள், வீடியோ என்ற அளவில் இருந்தால், முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் (ஓஎஸ்) சின்னமன் பதிப்பு. இலவசம்தான். ஆனால் இதில் வெற்றியும் தோல்வியும் இன்ஸ்டால் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன என்பதால், இந்த மதிப்புரையில் பாதி அந்த முன்வேலையைப் பற்றியது.

மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. 2024 ஜூலையில் வந்தது, 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு. சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று டெஸ்க்டாப் முகங்களில் கிடைக்கிறது. சின்னமனில் கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி ரேமுக்குக் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள்.

ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸும் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறக்குறைய 13 மாதம்தான் ஆதரவு. வீடியோவை ஓட்டத் தேவையான சில கோடெக்குகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சோரின் ஓஎஸ் என்ற லினக்ஸ் தோற்றத்தில் இன்னும் மெருகு கூடியது; அதையும் தயங்காமல் பார்க்கலாம். குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் பிரவுசர் மட்டும் போதும் என்பவருக்கானது. அதை இன்ஸ்டால் செய்தால் டிஸ்க்கில் இருப்பது முழுவதும் அழியும், ஆண்ட்ராய்டு ஆப்களும் ஓடாது.

பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பது

மின்ட்டை இறக்கும்போது கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபிக்குச் சற்று நெருக்கமாக இருக்கும். 8 ஜிபி பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் கொண்டோ பலேனா எட்சர் கொண்டோ அதைப் பென்டிரைவில் எழுதலாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும். ரூஃபஸ் கேட்கும்போது முதலில் ஐஎஸ்ஓ முறையைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து கணினி தொடங்கவில்லை (பூட் ஆகவில்லை) என்றால் டிடி முறையில் மறுபடி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்து எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையை அழுத்தி பூட் மெனுவுக்குள் போக வேண்டும்.

இப்போது திறக்கும் டெஸ்க்டாப் பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது. உங்கள் டிஸ்க்கை இதுவரை தொடவில்லை. பலர் இங்கே ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக இன்ஸ்டால் செய்யப் போய்விடுகிறார்கள். இந்த லைவ் நிலையில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். வைஃபை பட்டியல் வருகிறதா? ஒரு வீடியோவை ஓட்டி ஒலியைக் கேளுங்கள், ஹெட்ஃபோனைச் செருகினால் ஒலி அதற்கு மாறுகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், வெப்கேமரா, டச்பேடில் இரண்டு விரல் நகர்வு, புளூடூத், பிரின்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கடைசியாக லேப்டாப்பை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை எழாமல் கறுப்பாகவே நின்றால் அது சின்ன விஷயம் இல்லை. இன்ஸ்டால் செய்த பிறகும் தினமும் அதுதான் நடக்கும். வேகத்தை மட்டும் இங்கே எடைபோடாதீர்கள். பென்டிரைவ் மெதுவானது, டிஸ்க்கில் ஏறிய பிறகு நிலைமை வேறு.

வைஃபை பட்டியலே வரவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சில்லாகவோ, புதிய ரியல்டெக் சில்லாகவோ இருக்கும். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் இணையம் வந்துவிடும். அதன்பின், வன்பொருளை இயக்கும் டிரைவர்களைப் போட உதவும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காமுக்கான டிரைவர் பட்டியலில் தெரியும். என்விடியா கார்டு உள்ள கணினியில் திரை உறைந்தோ கறுத்தோ போனால், பூட் மெனுவின் இரண்டாவது வரியான கம்பாட்டிபிலிட்டி மோடில் தொடங்குங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைப் போட்டால் போதும்.

விண்டோஸ் பக்கம் செய்ய வேண்டியவை

விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அடுத்து டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர், அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். நீங்கள் இயக்காமலேயே அது இயங்கிக்கொண்டிருக்கலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, என்க்ரிப்ஷனை நிறுத்தி, அது முழுவதும் அவிழ்ந்து முடியும் வரை காத்திருங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இது இயங்கும்போது ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுவதாக நிற்பதில்லை, பாதி உறக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் மின்ட்டிலிருந்து விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்தால் கோப்புகளைப் படிக்கலாம், ஆனால் சேமிக்க விடாது. ‘நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று கோப்பைச் சேமிக்க முடியவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாத நிலையும் உண்டு. சில இன்டெல் கணினிகளில் டிஸ்க் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் அமைக்கப்பட்டிருப்பதால் வருவது இது. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் சும்மா மாற்றினால் அடுத்த முறை விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத் திரையில் நின்றுவிடும். விண்டோஸை அடுத்த பூட்டில் சேஃப் மோடில் வரும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை ஏற விட்டு, பிறகு சாதாரணப் பூட்டுக்குத் திரும்புங்கள். விண்டோஸ் புதிய முறைக்கான டிரைவரை எடுத்துக்கொண்டுவிடும்.

மின்ட்டுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி ஒதுக்குங்கள். 20 ஜிபி குறைந்தபட்சம் என்று சொல்வார்கள்; அது ஏறி உட்கார மட்டும்தான் போதும். அப்டேட்களும் சிஸ்டத்தை நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவியின் நகல்களும் சேரும்போது மூச்சு முட்டும். 100 ஜிபி கொடுங்கள், முடியாவிட்டால் 60-க்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்ஸ்டாலர் எளிமையானது. விண்டோஸுக்குப் பக்கத்தில் போடும் வரியைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். டிஸ்க்கின் பிரிவுகளான பார்ட்டிஷன்களை நீங்களே பிரிக்கப் போனால் ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்தலாம், ஆனால் ஃபார்மேட் பெட்டியில் டிக் விழக்கூடாது. விழுந்தால் விண்டோஸின் பூட் கோப்புகள் அழிந்துவிடும். மல்டிமீடியா கோடெக்குகளுக்கான பெட்டியை டிக் செய்யுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அங்கே ஒரு பாஸ்வேர்டு கேட்டால், அதை மறக்காமல் எழுதி வையுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் சாவியைப் பதிவு செய்யும் வரியைத் தேர்ந்து அதையே தர வேண்டும். அந்தத் திரையை என்னவென்று தெரியாமல் தாண்டிவிட்டால் என்விடியா போன்ற டிரைவர்கள் ஏறாது.

இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, செக்யூர் பூட் இயங்கிய பல இரட்டை பூட் கணினிகளில் லினக்ஸை ஏற விடாமல் தடுத்தது. எனவே மின்ட் எழுதிய பென்டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள். கடிகாரக் குழப்பமும் வரும்: விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் கணினியின் கடிகாரத்தில் வைப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது சில மணி நேரம் தள்ளிக் காட்டும். விண்டோஸின் நேர அமைப்பில் சிங்க் பொத்தானை அழுத்தினால் அப்போதைக்குச் சரியாகும்.

ஓட்டும்போது எப்படி இருக்கிறது

எஸ்எஸ்டி உள்ள, 8 ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப்பில் சின்னமன் நிம்மதியாக ஓடுகிறது. அப்டேட்கள் அறிவிப்போடு நின்றுவிடும். வேலைக்கு நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகாது. தினசரிப் பயன்பாட்டில் விண்டோஸோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய ஆறுதல் இதுதான். ஆனால் சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியை எந்த ஓஎஸ்ஸும் வேகமாக்கிவிடாது. முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள். 2 ஜிபி ரேமிலும் மின்ட் ஏறும், ஆனால் பிரவுசரில் நான்கு டேப் திறந்ததும் திணறும்.

மென்பொருள்களை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து எடுங்கள். ஒரே மென்பொருள் சிஸ்டம் பேக்கேஜ், ஃபிளாட்பேக் என்று இரண்டு வடிவில் இருந்தால், முதலாவது இடம் குறைவாகப் பிடிக்கும், இரண்டாவது பெரும்பாலும் புதிய பதிப்பாக இருக்கும். மின்ட் 22-இல் சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகள் மறைக்கப்பட்டிருக்கும். அந்த அமைப்பை அப்படியே விட்டுவிடுவது நல்லது. வாட்ஸாப்புக்கு லினக்ஸில் அதிகாரப்பூர்வ ஆப் இல்லை. மின்ட்டோடு வரும் வெப் ஆப்ஸ் கருவியில் அதன் முகவரியைக் கொடுத்தால் மெனுவில் தனி ஐகானோடு, தனி ஜன்னலில் திறக்கும்.

தமிழில் தட்டச்சு செய்ய இரண்டு வழிகள் உண்டு. பலர் முதல் வழியோடு நின்று சலித்துப்போகிறார்கள். கீபோர்டு அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையான தமிழ்நெட்99 லேஅவுட்டைச் சேர்ப்பது முதல் வழி. இது விசைகளை மட்டுமே மாற்றும். தமிழ்99-இன் தானாகப் புள்ளி வைக்கும் விதி இதில் இல்லை. ‘பக்கம்’ என்று அடிக்கப் போனால் ‘பககம்’ என்று வரும், புள்ளியை நீங்களே வைக்க வேண்டும். இரண்டாவது வழிதான் சரியானது: சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு தட்டச்சுக் கருவிகளையும் போட்டு, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர் எல்லாம் இருக்கும். முதல் வழியிலேயே போகிறவர்கள் டிஎஸ்சிஐஐ, டாப் என்று பெயரில் ஒட்டியிருக்கும் லேஅவுட்டுகளைத் தொடாதீர்கள்; அவை யூனிகோட் இல்லை, எழுத்துகள் குப்பையாகத்தான் விழும்.

லிப்ரே ஆஃபிஸ் சாதாரண வேர்டு, எக்செல் கோப்புகளை நன்றாகவே திறக்கிறது. கலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் அதே அகலமுள்ள கார்லிட்டோ இருப்பதால் பக்கங்கள் பெரும்பாலும் கலைவதில்லை. சிக்கலான மேக்ரோ, நுணுக்கமான வடிவமைப்பு உள்ள கோப்புகளில் நம்பிக்கை வைக்காதீர்கள். ஃபோட்டோஷாப், கோரல்டிரா, டெஸ்க்டாப்பில் ஓடும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் ஆகியவை லினக்ஸுக்கு வெளியிடப்படுவதில்லை. வேலோரன்ட், ஃபோர்ட்நைட் போன்ற விளையாட்டுகள் ஏமாற்றைத் தடுக்கும் ஆன்டி-சீட் மென்பொருள் காரணமாக ஓடாது. பிழைப்பே இவற்றில் ஒன்றை நம்பி இருக்கிறது என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் கொண்டு எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னாலும், வேலைக்கான மென்பொருளுக்கு அந்த வழி வேண்டாம்.

குறைகள் என்றால் எனக்குப் பெரிதாகப் படுவது திரை. மின்ட் இன்னும் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-ஐத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. அதற்குப் பின் வந்த வேலாண்ட் சோதனை நிலையில்தான் இருக்கிறது. 4கே மானிட்டரையும் சாதாரண லேப்டாப் திரையையும் ஒன்றாக வைத்து ஆளுக்கொரு அளவில் பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறது, ஜன்னல்கள் இழுபடுகின்றன. அப்படிப்பட்டவர்கள் கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் கொண்ட குபுண்டுவையோ ஃபெடோராவையோ பார்ப்பது நல்லது. கைரேகை சென்சாருக்கு 2025 செப்டம்பரில் வந்த 22.2-இல் ஃபிங்விட் என்ற கருவி சேர்ந்தது. ஆனால் லினக்ஸ் டிரைவர் உள்ள சென்சார்களுக்கு மட்டும்தான் அது உதவும்.

இன்ஸ்டால் முடிந்த முதல் நாளிலேயே டைம்ஷிஃப்டை அமைத்துவிடுங்கள். அது சிஸ்டம் கோப்புகளை மட்டுமே நகலெடுக்கும், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அல்ல. அவற்றுக்கு வேறு பேக்கப் வேண்டும். தினசரி நகல் இரண்டு போதும், அதற்கு மேல் வைத்தால் டிஸ்க் நிரம்பும். ஃபயர்வால் மின்ட்டில் அணைந்த நிலையில் வரும், மெனுவில் திறந்து இயக்கிவிடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வைஃபையோ ஒலியோ போய்விட்டால் பதற வேண்டாம். ஓஎஸ்ஸின் உட்கருவான கெர்னலின் பழைய பதிப்பு இன்னும் டிஸ்க்கில் இருக்கும். பூட் ஆகும்போது எஸ்கேப் விசையைத் தட்டி எதைக் கொண்டு பூட் ஆவது என்று தேர்வு செய்யும் குரப் மெனுவை வரவழைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பிறகு அப்டேட் மேனேஜரின் வியூ மெனுவில் லினக்ஸ் கெர்னல்ஸ் பகுதியைத் திறந்து, தொல்லை கொடுத்த கெர்னலை அங்கிருந்தே நீக்கிவிடலாம்.