எக்ஸாஸ்ட் வால்வு கேபிளைக் கழட்டிவிட்டு 14 மாதம் ஓட்டிய கதை

சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். செகண்ட் ஹேண்டில் நாலு சிலிண்டர் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். "அண்ணா, எக்ஸாஸ்ட் வால்வு கேபிளைக் கழட்டிவிட்டா வண்டி பறக்கும்னு சொல்றாங்க. கழட்டிடட்டுமா?" என்று கேட்டான். இன்ஜின் சுற்றும் வேகத்துக்கு (ஆர்பிஎம்) ஏற்பப் புகைக் குழாயைத் திறந்து மூடும் தகடுதான் இந்த வால்வு, ஒரு மோட்டார் கேபிள் வழியாக அதைத் திருப்பும். 14 மாதம், ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர் அப்படி ஓட்டியவன் நான். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

நான் ஆசைப்பட்டுக் கழட்டவில்லை. என் வண்டி முன்பு சென்னையில், கடலுக்குப் பக்கத்தில் நின்ற வண்டி. சேலம் வந்த இரண்டாவது மழைக்காலத்தில் வால்வின் தண்டு துருவேறி இறுகிவிட்டது. சாவி போட்டதும் சீட்டுக்கு அடியில் இருக்கும் சர்வோ மோட்டார் 'வ்ர்ர்ர்' என்று ஒரு சுற்று சுற்றி, வால்வைத் திறந்து மூடிப் பார்க்கும். அன்று அது பாதியில் முனகி நின்றது, செக் லைட் எரிந்தது. சர்வீஸ் சென்டரில் வால்வு தனியாக வராது, குழாயோடுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை 60,000 ரூபாய்க்கு மேல். எங்கள் மெக்கானிக் அண்ணன் வால்வைத் தட்டித் தட்டி முழுதாகத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்து, கம்பி போட்டுக் கட்டினார். இரண்டு கேபிளையும் கழட்டினார், மோட்டாரின் பிளக்கை மட்டும் எடுக்கவில்லை. பிளக்கை எடுத்தால் செக் லைட் எரியும். பிளக் இருந்தால் மோட்டார் வெறுமனே சுற்றும், வால்வு வேலை செய்கிறது என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி (இசியு) நம்பிக்கொள்ளும். என் வண்டியில் அப்படித்தான் நடந்தது.

முதல் நாள் சத்தத்தை மறக்க முடியாது. ஐட்லிங்கிலேயே அடித்தொண்டையில் ஒரு கனம் வந்திருந்தது. தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்னால் 'பட் பட்' என்று வெடித்துக்கொண்டே வரும். முதல் வாரம் முழுக்கக் காரணமே இல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தச் சத்தம் அழகு.

ஆனால் ஏற்காடு ஏறியபோது உண்மை தெரிந்தது. அந்தப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம். வழக்கமாக இரண்டாவது கியரிலேயே, 3,000 ஆர்பிஎம்மில் வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வரும் வண்டி, அன்று ஒரு கணம் மூச்சு வாங்கி நின்று, அப்புறம்தான் நகர்ந்தது. 2,500 முதல் 4,000 வரை புல்லிங் இல்லை. வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறக்கினேன், இல்லாவிட்டால் கிளட்ச்சைப் பாதி பிடித்தேன். ஊருக்குள் ஐந்து ரோடு நெரிசலிலும் இதே தொல்லைதான். பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

காரணம் இதுதான். சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடி, குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் மோதித் திரும்பி வரும். அதிக ஆர்பிஎம்மில் அந்த அலை சரியான நேரத்தில் திரும்பி, மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்து உதவும். குறைந்த ஆர்பிஎம்மில் அதே அலை தவறான நேரத்தில் வந்து, புகையையே மறுபடி உள்ளே தள்ளும். அந்த அலையை மட்டுப்படுத்தத்தான் வால்வு பாதி மூடிக்கொள்கிறது. யமஹா 1989-இல் எஃப்இசட்ஆர் 1000 வண்டியில் 'எக்ஸ்அப்' என்ற பெயரில் இதை வைத்ததே, உச்ச வேகத்தில் சக்தியை விட்டுக்கொடுக்காமல் கீழேயும் இழுவை கிடைக்கத்தான்.

"கழட்டினா பவர் கூடும்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேல் ஆர்பிஎம்மில் வால்வு எப்படியும் முழுதாகத் திறந்துதான் இருக்கிறது. அங்கே கழட்டினாலும் மாட்டினாலும் ஒன்றுதான். 8,000-க்கு மேல் என் வண்டி முன்பு ஓடியது போலவேதான் ஓடியது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வண்டியும் ஒன்றல்ல. என் வண்டியில் வால்வு இருப்பது இன்ஜினுக்கு அடியில், குழாய்கள் சேரும் இடத்தில். சில வண்டிகளில் அது பின்னால், சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலும் அது சத்தத்தைக் கட்டுப்படுத்த வைத்தது, அதைத் திறந்து வைத்தால் புல்லிங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆனால் சத்தம் எல்லா வண்டியிலும் கூடும். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது இங்கே விதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். போலீஸ் என்னைப் பிடிக்கவில்லை. என்னைப் பிடித்தது மாடி வீட்டுக் கைக்குழந்தையின் அழுகை. ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த அக்கா. ஆனால் விடியற்காலையில் நான் ஸ்டார்ட் செய்ததும் மேலே லைட் எரியும். அதற்குப் பிறகு 200 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன்.

போன மாதம் சரிசெய்தேன். துரு இளக்கும் ஆயிலை இரண்டு இரவு ஊற வைத்து, சூடு காட்டி, தண்டை முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி விடுவித்தார் அண்ணன். புது கேபிள் இரண்டும் கூலியும் சேர்த்து 5,200 ரூபாய். இந்த வேலைக்கா குழாயையே மாற்றச் சொன்னார்கள் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அடுத்த ஞாயிறே ஏற்காடு. இரண்டாவது கியர், 3,000 ஆர்பிஎம், வண்டி பழையபடி இழுத்தது.

அதனால் தம்பிக்கு என் பதில்: கழட்டாதே. உன் வால்வு நன்றாக வேலை செய்கிறது என்றால் கை வைக்காதே. மாதம் ஒருமுறை கேபிள் சுற்றும் சக்கரத்தைத் துடைத்து, வண்டி ஆறியிருக்கும்போது தண்டு இளக்கமாகத் திரும்புகிறதா என்று கையால் பார். மழையில் ஓட்டியிருந்தால் மறுநாளே பார்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் மறைக்கக் கூடாது. நேற்று தொப்பூர் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த வெடிச் சத்தம் இல்லாத இறக்கம் எனக்கு இன்னும் பழகவில்லை.