எங்கள் ஊராட்சியின் குப்பை வண்டி: ஓராண்டுக்குப் பின்

ஏரிக்கரைப் புறம்போக்கில் இரவோடு இரவாகக் குப்பை கொட்டப்படுவதைக் குறைத்ததில், அங்கே நட்டுவைத்த எச்சரிக்கைப் பலகையைவிட, நாள் தவறாமல் வாசலுக்கு வரும் பேட்டரி வண்டிக்கே பெரும்பங்கு உண்டு என்பது ஓராண்டாக இச்சேவையைப் பெற்றுவரும் என் கணிப்பு. தூய்மைக் காவலர்கள் காலை 7 மணிக்கெல்லாம் விசிலடித்து வந்து, மட்கும் குப்பையையும் மட்காததையும் தனித்தனியே வாங்கிக்கொள்கிறார்கள்; கலந்து கொடுத்தால் முகம் சுளிக்காமல் திருப்பித் தந்துவிடுகிறார்கள் (எங்கள் வீட்டிலேயே இருமுறை நடந்தது).

ஆனால், 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாவதாகப் பிரிக்கச் சொன்ன அபாயக் கழிவுகளை, அதாவது காலாவதியான மருந்து, பேட்டரி, பெயின்ட் டப்பா போன்றவற்றை, வண்டியில் ஏற்றுவதில்லை. கட்டட இடிபாடுகளுக்கும் கோழிக்கடைக் கழிவுக்கும் வேறு வழி செய்யப்படாததால், அவை இன்றும் ஏரிக்கரைக்கே போய்ச் சேர்கின்றன. வீட்டுக் குப்பைக்கு நான்கு நட்சத்திரம் தரலாம். மற்றவற்றுக்கு ஒன்றுகூடத் தர மனமில்லை.