திருகோணமலையில் நர்சிங் கோர்ஸுக்குக் காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

ஓ.எல்., ஏ.எல். ரிசல்ட் வருகிற காலத்தில் டவுனுக்குள் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒரே நோட்டீஸ்தான்: 'தாதியர் டிப்ளோமா, ஆறு மாதம், வேலை உத்தரவாதம்'. அப்படி நோட்டீஸ் ஒட்டிய ஒரு தனியார் நிலையத்தில் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. போர்டை மாற்றி வேறு பெயரில் நடத்துவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. நடத்துகிற விதத்தைத் தெரிந்து வைத்திருந்தால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் காணலாம்.

அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு ஏ.எல்.இல் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். அது மூன்று வருடப் படிப்பு. கலைப்பிரிவில் படித்த பிள்ளைக்கு அந்த வழி இல்லை. மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கமிருந்து என்னோடு படிக்க வந்தவர்களில் அநேகம் பேர் அப்படித்தான். நோயாளியைப் பார்க்கிற வேலையில் உண்மையான விருப்பத்தோடு வந்த பிள்ளைகள். ஒருத்தியின் உம்மா காப்பை அடகு வைத்துத்தான் முதல் தவணை கட்டினார். இந்த ஆசையை வைத்துத்தான் இவர்கள் காசு பார்க்கிறார்கள்.

சேரும்போது கையில் தந்த நேரசூசிக்கும் நடந்த வகுப்புக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. இரவு பத்தரை, பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'நாளை வகுப்பு இல்லை' என்று வரும். சில நாள் அதுவும் வராது. மூதூர்ப் பிள்ளைகள் விடிய எழும்பி, பஸ் ஏறி வந்து பார்த்தால் கேட் பூட்டிக் கிடக்கும். படிப்பிக்க வந்தவர்களும் நிலைக்கவில்லை. சம்பளம் ஒழுங்காகக் கொடுபடவில்லை என்று ஒரு மிஸ் போகும்போது எங்களிடமே சொன்னார். புதிதாக வருகிறவருக்கு எதுவரை முடிந்தது என்று சொல்ல ஆளில்லை. அதனால் இதயத்தின் நான்கு அறைகளை மூன்று பேர் வந்து மூன்று தடவை படிப்பித்தார்கள். சிறுநீரகத்தை ஒருவரும் தொடவேயில்லை.

செய்முறை அறையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசி போடப் பழகுகிற ரப்பர் கை ஒன்று யன்னலோரம் வெயிலில் கிடந்து இறுகிப் போயிருந்தது. ஊசி உள்ளே இறங்காது, வளையும். பிரஷர் பார்க்கிற மெஷினின் கைப்பட்டியில் எங்கேயோ காற்றுப் போனது. எவ்வளவு அமுக்கினாலும் முள் 90ஐத் தாண்டாது. பிரஷர் பார்ப்பதென்றால் மணிக்கட்டில் நாடி மறைகிற இடத்துக்கு மேலே இன்னும் 30 ஏற்றி, பிறகு மெதுவாக இறக்கிக்கொண்டே சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும். 90க்கு மேல் ஏறாத மெஷினில் எதைக் கேட்பது? மிஸ்ஸிடம் சொன்னோம். "நோர்மல்தானே, 120/80 எண்டு எழுதுங்கோ" என்றார். செய்முறையைப் பதிகிற லொக் புக்கில் எல்லோருக்கும் 120/80.

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். கர்ப்பிணித் தாய்க்கு 140/90 வந்தாலே உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இப்படிப் பழகிய பிள்ளை நாளைக்கு அந்தத் தாயின் அட்டையிலும் 120/80 என்று எழுதினால் யார் பொறுப்பு?

ஆஸ்பத்திரிப் பயிற்சி 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று இழுபட்டது. கடைசியில் ஒரு கிளினிக்கில் நம்பர் துண்டு கொடுக்க விட்டார்கள். ஆஸ்பத்திரியோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டவளுக்கு, "விருப்பமில்லாட்டி நிப்பாட்டிக்கொள்ளுங்கோ, காசு திரும்பாது" என்று பதில்.

அழுதோம், சண்டை பிடித்தோம். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எங்களில் சிலர் உவர்மலையில் ஒரு தோழி வீட்டில் கூடத் தொடங்கினோம். பக்கத்தில் ஓய்வு பெற்ற நேர்ஸ் அம்மா ஒருவர் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டுத் தன்னுடைய பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து எங்களை ஒருவருக்கொருவர் பார்க்க வைத்தார். தோழிக்கு 98/64, அவளுடைய அம்மம்மாவுக்கு 158/92. அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்ட அன்றுதான், இந்தத் தொழிலை விடுவதில்லை என்று எனக்குள் முடிவு வந்தது. கட்டில் விரிப்பு மாற்றுவது, படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்தான் காட்டித் தந்தார். ஒரு சதம் வாங்கவில்லை.

கூடவே, நடக்காத வகுப்புகளைத் திகதி போட்டு எழுதினோம். வாட்ஸ்அப் மெசேஜ்களைப் படம் எடுத்தோம். பற்றுச்சீட்டுகளை ஒன்றாக்கி, எல்லோரும் கையெழுத்து வைத்த கடிதத்தோடு நிலைய நிர்வாகத்திடம் நேரே போனோம். சத்தம் போட்டபோது அசையாதவர்கள், கடிதத்தில் பிரதி போகிற இடமாக, இப்படியான நிலையங்களைப் பதிவு செய்கிற மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பெயரைக் கண்டதும் இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார்கள். கடைசித் தவணையை விட்டுக்கொடுத்தார்கள். கட்டிய காசில் ஒன்றும் திரும்பவில்லை.

சேருமுன் பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானது இது: அந்த ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியிருப்பது வேறு, அந்தக் கோர்ஸ் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் அநேகமாக முதலாவதுதான். கோர்ஸுக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் அந்தக் கோர்ஸை முடித்ததற்காக என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கிடைக்காது. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடலாம், போன் பண்ணியும் கேட்கலாம். பதிவு காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். என்.வி.கியூ. முறையில் 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், டிப்ளோமா என்பது 5, 6ஆம் மட்டங்கள். ஆறு மாதத்தில் டிப்ளோமா என்று நோட்டீஸில் இருந்தால் எந்த மட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். தாதி உதவியாளர் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு தாதியாகப் பதிய முடியாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முழுக்காசையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம். செய்முறை அறையைத் திறந்து காட்டச் சொல்லி, பிரஷர் மெஷினை நீங்களே அமுக்கிப் பாருங்கள். வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டினால், அந்த முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைற்றா (NAITA) போன்ற அரச நிறுவனங்களில் உங்களுக்குப் பொருந்தும் பயிற்சி இருக்கிறதா என்றும் முதலில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் தங்கச்சிமாருக்கு ஒன்று: 'கையெழுத்து வைக்க' என்று லொக் புக்கை வாங்குவார்கள். எங்களில் சிலருக்கு அது திரும்பி வரவேயில்லை. கொடுக்குமுன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.